பத்து எண்ணும் வரை

சிகாகோவின் மேற்குப் புறநகர் ஒன்றில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் சிறப்புக் கல்வி உதவியாளராகச் சேர்ந்த முதல் வாரத்தில், எனக்குக் கற்றுத்தரப்பட்ட முதல் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். "கோப்பையை எடு" என்று ஒரு மாணவனிடம் சொன்ன பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அதற்குள் இன்னொரு முறை சொல்லக் கூடாது, கையைக் காட்டக் கூடாது, கோப்பை இருக்கும் பக்கம் பார்வையைக்கூடத் திருப்பக் கூடாது. கேட்ட சொல் அவனுக்குள் இறங்கிக் கைக்கு வந்து சேர அவ்வளவு நேரம் ஆகலாம்; நடுவில் நாம் மறுபடி பேசினால் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். பத்து எண்ணிய பிறகும் கை நகரவில்லை என்றால் ஒரு சைகை, அதற்குப் பிறகு செய்து காட்டுவது, எதுவுமே பலிக்காதபோதுதான் கையைப் பிடித்துச் செய்ய வைப்பது. நாம் முந்திக்கொண்டு உதவும் ஒவ்வொரு முறையும் அவன் நம்மை எதிர்பார்க்கத்தான் கற்றுக்கொள்கிறான் என்பதை எங்கள் வகுப்பு ஆசிரியை திரும்பத் திரும்ப நினைவூட்டுவார். பிள்ளை கேட்பதற்கு முன்பே ஊட்டிவிட்டுப் பழகிய எனக்கு அந்தப் பத்து நொடி மிக நீளமாக இருந்தது. நாளடைவில் பழகிக்கொண்டேன், பிறகு அதில் தேர்ந்தும்விட்டேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஏப்ரல் மாதத்தில், பேசியே ஆக வேண்டிய ஓர் இடத்தில் நான் பேசாமல் இருந்தேன். அன்றிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அந்தப் பையனைத் தம்பி என்றே குறிப்பிடுகிறேன். அவனுடைய அம்மாவும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்.

கடைசி நடைக்கூடம்

இங்கே வீடு வாங்கும் நம்மவர்களுக்குப் பள்ளியைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. வீடு விற்கும் இணையத்தளமான ஜில்லோவில் வீட்டின் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்துவிடுகிறோம். கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்கள் எத்தனை, கணிதத்தில் எதுவரை போகலாம், ரோபாட்டிக்ஸ் குழு மாநிலப் போட்டிக்குப் போனதா, விவாதக் குழுவுக்குத் தனி ஆசிரியர் உண்டா என்பதெல்லாம் கோயில் பந்தியிலேயே பேசி முடிந்துவிடும். நானும் அப்படித்தான் வீடு பார்த்தேன். வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்குத் தரும் எச்-4 விசாவில் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 2015இல் வேலை அனுமதி கிடைத்தபோது, என் இந்தியப் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பி, மாநில உரிமமும் பெற்று இந்த வேலைக்கு வந்தேன். வந்த பிறகுதான் அந்தப் பள்ளியில் இப்படி ஒரு நடைக்கூடம் இருப்பதே எனக்குத் தெரிந்தது. என் மகள் அதே பள்ளியில் இரண்டு ஆண்டுகள் படித்திருந்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

உடற்பயிற்சிக் கூடத்தைத் தாண்டி, சரக்கு வண்டிகள் வந்து நிற்கும் பின்வாசலுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. ஒரு வகுப்பறையில் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் இருக்கும். அடுத்த அறையில் துணி துவைக்கும் இயந்திரமும், விரிப்பு விரித்துப் பழகுவதற்காக ஒரு கட்டிலும் உண்டு. சுவரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை. அன்றைய வேலைகளின் சிறு படங்கள் வெல்க்ரோவில் ஒட்டப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் மாணவனே படத்தைப் பிய்த்தெடுத்து உறையில் போடுவான். அந்தக் கிர்ரென்ற ஓசைதான் எங்கள் வகுப்பின் மணி.

வெள்ளிக்கிழமை காலையில் காபி வண்டி புறப்படும். மூன்று சக்கரங்கள் நேராகவும் ஒன்று கோணலாகவும் ஓடும் அந்தத் தள்ளுவண்டியில் காபி, தேநீர், சூடான சாக்லேட் ஆகியவற்றோடு ஆசிரியர்களின் அறைகளுக்கு மாணவர்கள் போவார்கள். தம்பிதான் காசாளன். விலை இரண்டு டாலர் முப்பத்தைந்து சென்ட் என்றால் எவ்வளவு கொடுப்பது என்பதை அவனுக்கு ஒரு முறைப்படி சொல்லித்தந்தோம்: டாலர் எண்ணை மட்டும் கவனி, அதற்கு மேல் ஒன்று கூட்டு, அத்தனை தாளை எடுத்து வை. சில்லறைக் கணக்கு வராத ஒருவன் எந்தக் கடையிலும் ஏமாறாமல் பொருள் வாங்கிவர அது போதும். அதை அவன் பிடித்துக்கொள்ள ஏழு மாதங்கள் ஆயின. எட்டாவது மாதத்தில் ஒரு நாள், காபி வாங்கிய இயற்பியல் ஆசிரியர் ஒரு தாள் குறைவாகக் கொடுத்துவிட்டார். தம்பி தாள்களைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிறகு "ஒன் மோர்" என்றான். வண்டிக்குப் பின்னால் நான் மனத்துக்குள் ஆறு வரை எண்ணியிருந்தேன்.

அவன் பேசும் ஆங்கிலச் சொற்கள் அறுபது எழுபதுக்குள் அடங்கும். தமிழ்ச் சொற்கள் அதைவிடக் குறைவு. ஆனால் அம்மா தமிழில் பேசுவது முழுவதும் புரியும். மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டறிந்தபோது, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாரோ சொன்னார்களாம். நல்லவேளையாக அந்த அம்மா கேட்கவில்லை.

22 வயது வரை

இந்த நடைக்கூடம் ஒரு பள்ளியின் கருணையால் வந்ததல்ல. ஊனமுற்ற குழந்தைகளில் 10 லட்சம் பேர் அரசுப் பள்ளிகளுக்கு முற்றிலும் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றமே எழுதிவைத்த ஒரு சட்டத்தில், 1975 நவம்பரில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். அதற்கு முன்பே பென்சில்வேனியாவில் பெற்றோர் சங்கம் ஒன்று நீதிமன்றம் போய், அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளையும் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற உடன்பாட்டைப் பெற்றிருந்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டம்தான் 1990இல் ஐடிஇஏ, அதாவது ஊனமுற்றோர் கல்விச் சட்டம் என்று பெயர் மாறியது. ஒரு மாணவருக்கு நாட்டில் சராசரியாக ஆகும் செலவில் 40 விழுக்காடு வரை, இப்படிப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் மத்திய அரசு தரலாம் என்று அதில் இருக்கிறது. அந்த அளவு ஒருமுறைகூட எட்டப்பட்டதில்லை. மிச்சத்தை மாநிலமும், நம் வீட்டு வரியும் தாங்குகின்றன. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்காக நாம் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் அதே வரியிலிருந்துதான் அந்தக் கட்டிலும் காபி வண்டியும் வந்தன.

இந்தச் சட்டத்தில் நம்மவர் அதிகம் அறியாத பகுதி அதன் கடைசிப் பகுதி. மற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி 18 வயதை ஒட்டி முடிந்துவிடுகிறது. ஐஇபி என்கிற தனிநபர் கல்வித் திட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு, வயதுவந்தோர் வாழ்க்கைக்கான பயிற்சி இன்னும் தேவைப்பட்டால், எங்கள் இல்லினாய் மாநிலத்தில் 22 வயது வரை பள்ளி பொறுப்பேற்க வேண்டும். முன்பு 22ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளோடு கதவு மூடும். 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த வயது நிறைவடையும் பள்ளி ஆண்டின் முடிவு வரை தொடரலாம். அந்த ஆண்டுகளில் கரும்பலகைப் பாடம் கிடையாது. பேருந்தில் ஏறி இறங்குவது, மளிகைக் கடையில் பொருள் அடுக்குவது, வங்கியில் வரிசையில் நிற்பது, மாத்திரை டப்பாவை வாரத்துக்கு ஒருமுறை நிரப்புவது, தெரியாத ஒருவர் பெயர் கேட்டால் சொல்லலாமா என்று யோசிப்பது, இவைதான் பாடம். எங்கள் பள்ளி மாவட்டத்தில் இதற்கென்று தனிக் கட்டடமே இருக்கிறது. பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அதை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முறையான டிப்ளமோவை, அதாவது உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயத்தை, பெற்றுக்கொண்டால் பள்ளியின் கடமை அன்றோடு முடிந்துவிடும். அது கூட்டாட்சி விதி. அதனால், தொடர்ந்து பயில வேண்டிய பிள்ளைக்கு டிப்ளமோவைக் கையில் கொடுக்காமல் நிறுத்திவைப்பார்கள். சக மாணவர்களோடு அங்கியும் தொப்பியும் அணிந்து மேடையேறலாம். நான்காண்டு முடித்ததற்கான சான்றிதழ் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் இல்லினாயில் சட்டம் இருக்கிறது. டிப்ளமோ பிறகு வரும். மேடை ஒன்று, தாள் வேறொன்று. இந்த ஒரு வேறுபாட்டில்தான் தம்பியின் நான்கு ஆண்டுகள் போயின.

"அதுதான் ஒரிஜினலா?"

தம்பியின் டிப்ளமோவைப் பற்றிப் பேசிய ஐஇபி கூட்டத்தில் நான் இல்லை. எங்கள் பள்ளியில் உதவியாளர்களை ஐஇபி கூட்டத்துக்கு அழைப்பதில்லை. நடந்ததெல்லாம் பின்னர் அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கூட்டத்துக்கான அழைப்புக் கடிதத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஒரு வரி இருக்கும். கேட்டால் பள்ளி தன் செலவில் ஏற்பாடு செய்ய வேண்டும். தம்பியின் அப்பா இருபது ஆண்டுகளாக இங்கே மென்பொருள் துறையில் இருப்பவர். நாள் முழுவதும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார், ஆங்கிலத்தில்தான் சண்டையும் போடுகிறார். வேண்டாம் என்று குறித்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் குறித்திருப்பேன். அந்த வரி நமக்காக எழுதப்பட்டது என்று நம்மில் யாருக்கும் தோன்றுவதில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் பேசப்படும் ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம் அல்ல. "வாக்" என்றால் மேடையேறுவது. "எக்ஸிட்" என்றால் சேவைகள் அனைத்தும் நிற்பது. "ஃபேப்" என்றால் கட்டணமில்லாத, பிள்ளைக்குத் தகுந்த பொதுக்கல்வி. அதாவது எங்கள் நடைக்கூடம் முழுவதும். ரெகுலர் டிப்ளமோ வழங்கப்பட்டதும் ஃபேப் முடிவடையும் என்று, அவனுடைய ஐஇபிக்குப் பொறுப்பான கேஸ் மேனேஜர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். அச்சிட்ட அறிவிப்பிலும் அது இருந்தது. தம்பி மே மாதத்தில் வாக் பண்ணலாம், ஒரு சான்றிதழ் கொடுப்போம், ஆகஸ்டில் அவன் திரும்பி வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அப்பா கேட்ட ஒரே கேள்வி, அந்தச் சான்றிதழ்தான் ஒரிஜினலா என்பது. இல்லை, அது டிப்ளமோ ஆகாது என்று நேர்மையாகப் பதில் வந்திருக்கிறது. அப்படியானால் ஒரிஜினலையே கொடுத்துவிடுங்கள் என்றாராம்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரிஜினல் சர்டிபிகேட் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இருக்கும் கனம் அந்த மேசையைச் சுற்றி இருந்த வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இரும்புப் பெட்டியில், பிளாஸ்டிக் உறைக்குள், நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பூட்டிவைக்கும் பொருள் அது. இன்னொன்றும் இருந்தது. ஆகஸ்டில் திரும்பி வரலாம் என்பது அவர் காதில் "தங்கிட்டான்" என்று விழுந்திருக்கிறது. பெயிலாகி அதே வகுப்பில் உட்கார்வதற்கு நாம் சொல்லும் சொல் அது. பதினைந்து ஆண்டுகளாக மகனைப் பற்றி உறவினர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு, அவன் தேறிவிட்டான் என்று ஒரே ஒரு முறை சொல்லும் வாய்ப்பு கிடைத்தது. மயிலாடுதுறையில் அவருடைய அப்பா படுக்கையில் இருந்தார்.

தம்பிக்கு அந்தக் குளிர்காலத்தில்தான் 18 வயது நிறைந்திருந்தது. அந்த வயதில் கல்வி உரிமைகள் சட்டப்படி பிள்ளையின் கைக்கே வந்துவிடுகின்றன. பெற்றோரே முடிவெடுக்கட்டும் என்று அவன் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தான். அந்தக் கையெழுத்தை ஓர் ஆண்டு முழுவதும் அவனோடு உட்கார்ந்து பழக்கியவள் நான். கோட்டுக்கு மேலே, பெரிய எழுத்தில், கடைசி எழுத்துக்குப் பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். அவன் வைத்துவிட்டான்.

ஏப்ரல்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பள்ளி வேறொரு பள்ளிக்கூடத்தின் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடக்கிறது. வகுப்பு முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது தம்பியின் அம்மா தன் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய சிறிய மகள் அங்கே நான்காம் நிலை படித்தாள். தம்பி பின்னிருக்கையில் சீட் பெல்ட்டைப் போட்டு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். காற்று பலமாக அடித்தது. அவர் சேலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் மடித்த தாள்களை வைத்திருந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். டிப்ளமோ வாங்கிட்டா நல்லதா, இல்ல அவங்க சொல்ற மாதிரி நிறுத்தி வைக்கணுமா? அவர் வாங்கிடலாம்னு சொல்றார். எனக்கு என்னவோ மனசு ஒப்பல."

எனக்கு விடை தெரியும். அந்தத் தாள்களில் எந்தப் பக்கத்தில் எந்த வரி இருக்கிறது என்பதுகூடத் தெரியும். மாணவனின் விவரங்களை வகுப்புக்கு வெளியே பேசக் கூடாது, ஐஇபி பற்றிப் பெற்றோருக்கு ஆலோசனை சொல்வது உதவியாளரின் வேலை அல்ல என்று ஒவ்வோர் ஆகஸ்டிலும் பயிற்சியில் சொல்லி, கையெழுத்தும் வாங்குவார்கள். அந்தக் கையெழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது. என் வேலை அனுமதியின் காலம் முடியப்போகிறது, புதுப்பித்தல் இன்னும் வரவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அதையும் இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் விதியைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது என்று இன்று நினைக்கிறேன்.

"அதை நான் சொல்லக் கூடாதும்மா. கேஸ் மேனேஜர்கிட்டயே இன்னொரு தடவை கேட்டுடுங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் மேலும் எதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் பழக்கத்தில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு வந்தபோது "சரிக்கா" என்றார். காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

மேயும் ஆகஸ்டும்

மே மாதம் கால்பந்து மைதானத்தில் பட்டமளிப்பு நடந்தது. பெயர் கூப்பிட்டதும் தம்பி நேராக நடந்தான். இடது கையில் வாங்கி வலது கையைக் குலுக்க வேண்டும் என்று இரண்டு வாரம் பழகியதை ஒரு பிசகும் இல்லாமல் செய்தான். அவனோடு ஓவிய வகுப்பிலும் உடற்பயிற்சி வகுப்பிலும் இருந்த மாணவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். அப்பா கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். மறுமுனையில் ஊரில் விடியற்காலை. தாத்தா அதைப் பார்த்தார். செப்டம்பரில் அவர் காலமானார். அந்த நிமிடத்தை நான் யாருக்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உறையில் சான்றிதழ் இருந்திருந்தாலும் தாத்தா பார்த்த காட்சியில் எதுவும் குறைந்திருக்காது.

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் பள்ளி திறந்தது. சுவரில் தம்பியின் பட்டை இருந்த இடத்தில் வேறொரு பெயர். இரண்டு வாரம் கழித்து இந்தியக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அவன் அம்மாவைப் பார்த்தேன். தெருவின் கடைசி வீட்டில் இன்னொரு பிள்ளைக்காகச் சின்ன மஞ்சள் பேருந்து வருகிறதாம். தம்பி ஆறு மணிக்கே எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, அஞ்சல் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறானாம். பேருந்து அவனைத் தாண்டிப் போன பிறகும் வெகுநேரம் நிற்கிறானாம். "இன்னைக்கு லீவு கண்ணா" என்று தினமும் சொல்லி உள்ளே கூட்டிவருவதாகச் சொன்னார். பையில் என்ன வைத்திருக்கிறான் என்று கேட்டேன். வெல்க்ரோ படங்கள் இருந்த உறை என்றார். கடைசி நாளன்று நாங்கள்தான் அதை நினைவுப் பொருளாகக் கொடுத்து அனுப்பியிருந்தோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில் எங்கள் ஆசிரியையிடம், யார் என்று சொல்லாமல், நடந்ததைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு எளிமையாக ஒரு பதில் சொன்னார். மாணவனைப் பற்றிப் பேசுவதைத்தான் விதி தடுக்கிறது; சட்டம் என்ன சொல்கிறது என்பது யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய செய்தி, அது மாநிலத்தின் இணையத்தளத்திலேயே இருக்கிறது என்றார். இந்தப் பிள்ளைக்கு எது நல்லது என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. டிப்ளமோ வாங்கினால் எந்தப் பிள்ளைக்கும் என்ன நடக்கும் என்பதைச் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் இடையில் இவ்வளவு பெரிய இடம் இருந்தது. நான் அதில் கால் வைத்துப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்குப் போய் அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதினேன். "டிப்ளமோவை வாங்கிக்கொண்டால் அன்றோடு பள்ளியின் பொறுப்பு முடிந்துவிடும், அதை வாங்காமலேயே மேடையேறலாம், 22 வயது வரை படிக்கலாம்." வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பத்து நொடிகூட ஆகவில்லை.

சமையலறை மேசை

அக்டோபரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் போனேன். கையில் ஒரு தகவலும் இருந்தது. பள்ளியின் முடிவை எதிர்த்து முறையிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. டிப்ளமோ கொடுப்பது சட்டப்படி ஓர் இடமாற்றமாகவே கருதப்படுகிறது, அதனால் முன்கூட்டியே எழுத்து வடிவில் அறிவிக்க வேண்டும், பெற்றோருக்கு அது விளங்கும்படி இருக்க வேண்டும். இந்த வழியில் கேட்டுப் பார்க்கலாம், கட்டணமில்லாமல் அல்லது குறைந்த கட்டணத்தில் வாதாடும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள் என்று, யாருக்கும் சொல்லக்கூடிய அளவில் சொன்னேன். அவர் அந்தத் தாள்களை எடுத்துவந்து மேசையில் பரப்பினார். வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். "எக்ஸிட்" வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, "இதுக்கு இதுதான் அர்த்தமா?" என்று கேட்டார்.

அவர்கள் முறையிடவில்லை. அறிவிப்பு நேரத்துக்கு வந்திருந்தது, மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று குறித்ததில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கிய டிப்ளமோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு அந்த மனிதருக்கு மனம் வரவில்லை. அப்பாவை அப்போதுதான் பறிகொடுத்திருந்தார். அவரை நான் வற்புறுத்தவில்லை. வயதுவந்தோருக்கான மாநில உதவிகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஒன்று இருக்கிறது, பன்ஸ் என்பார்கள். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் இருக்கும் என்பதால் பிள்ளை சிறு வயதில் இருக்கும்போதே பெயரைப் பதிய வேண்டும். அதையும் அவர்கள் அன்றுதான் கேள்விப்பட்டார்கள், அந்த வாரமே பதிந்தார்கள். தம்பி இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஒரு தனியார் பகல் மையத்துக்குப் போகிறான், செலவு கைக்காசு. பேருந்தில் தனியாகப் போகத் தெரியாது. அதைத்தான் பள்ளி அவனுக்கு அந்த ஆகஸ்டில் தொடங்குவதாக இருந்தது.

புறப்படும்போது வாசல் வரை வந்த அம்மா, "அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார்க்கா" என்றார். என் மனம் ஆறட்டும் என்பதற்காகச் சொன்னார். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மனம் ஒப்பவில்லை என்று என்னிடம் வந்து நின்றவர் அவர் கணவர் அல்ல, அவர். அவர் கையில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அன்று இரவு அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது. நான் எடுத்துக்கொள்ளாத ஆறுதல்களில் அதுவும் ஒன்று.

ஞாயிறு, உணவுக்கூடம்

இப்போது தமிழ்ப் பள்ளி நடக்கும் நேரத்தில் உணவுக்கூடத்தின் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகள் உள்ளே உயிரெழுத்து எழுதும் அந்த ஒன்றரை மணி நேரம் பெற்றோர் அங்கேதான் மடிக்கணினியோடு காத்திருப்பார்கள். முதல் மூன்று மாதம் ஒருவரும் வரவில்லை. நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று நாலு பேர் பார்க்க ஒரு மேசைக்கு நடந்து வருவது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு மேசையை மாற்றி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போட்டேன். தண்ணீர் பிடிக்க வருவது போல வந்து பேசிவிட்டுப் போக வசதியாக இருந்தது. இதுவரை பதினொரு குடும்பங்கள் வந்திருக்கின்றன. என் பள்ளியின் பிள்ளைகள் என்றால் பேச மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டத்தை மட்டும் தமிழில் சொல்கிறேன்: 14½ வயதிலேயே இல்லினாயில் இந்தத் திட்டமிடல் தொடங்க வேண்டும், 17 வயதில் உரிமை கைமாறுவது பற்றிச் சொல்லிவிட வேண்டும், குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி எந்தப் பிள்ளையையும் தடுக்க முடியாது, 1982இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துவைத்தது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறிப்பது யாருடைய ஆங்கிலத்துக்கும் இழுக்கு அல்ல.

கடைசியாகச் சொன்னதுதான் யாருக்கும் எளிதில் இறங்குவதில்லை. சென்ற ஞாயிறு ஓர் அப்பா வந்தார். வேறு மாவட்டம், 17 வயதுப் பெண், மார்ச் மாதத்தில் கூட்டம். கடிதத்தை நீட்டினார். மொழிபெயர்ப்பாளருக்கான வரியைக் காட்டினேன். "அதெல்லாம் வேண்டாங்க, எனக்கு இங்கிலீஷ் நல்லாவே வரும்" என்றார். வரும் என்று எனக்கும் தெரியும். இரண்டாம் பக்கத்தில், டிப்ளமோவும் ஃபேப்பும் வரும் பத்தியைக் காட்டி, ஊரில் இருக்கும் அவருடைய அம்மாவுக்குப் புரியும்படி இதைத் தமிழில் எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் வேகமாகத் தொடங்கினார். இரண்டாவது வரியில் வேகம் குறைந்தது. நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பத்தியை மறுபடியும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். நான் காத்திருந்தேன்.